நான்கு வருஷக் கடனின் முதல் கையெழுத்து

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்:

"என் மகளுக்கு வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் உயிரியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அடுத்து மருத்துவம் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. தங்கும் இடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 52,000 டாலர் ஆகும். கல்லூரி 10,000 உதவித்தொகை தருகிறது. எங்களால் 20,000 புரட்ட முடியும். மீதி 22,000க்குத் தனியார் மாணவர் கடன் வாங்கலாம் என்று இருக்கிறோம். எங்கள் இருவர் வருமானமும் சேர்த்து 1,30,000 வருவதால் அரசு உதவி கிடைக்காது என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். அதனால் அரசு உதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பத்தை நிரப்பவில்லை. போன வருஷம் என் கணவருக்கு வேலை போய், ஐந்து மாதம் கழித்துக் குறைந்த சம்பளத்தில்தான் வேறு வேலை கிடைத்தது. மூன்று பேருக்கும் கிரீன் கார்டு இருக்கிறது. இணையத்தில் ஒரு கடன் மாறும் வட்டியில் 6 சதவீதம் என்கிறது, இன்னொன்று நிலையான வட்டியில் 9 சதவீதம். டல்லாஸில் இருக்கும் என் கொழுந்தனார் 'கையெழுத்துதானே அண்ணி, நான் போடுகிறேன்' என்கிறார். சொந்த மாநிலப் பல்கலைக்கழகத்திலும் மகளுக்கு இடம் இருக்கிறது. அங்கே விடுதியில் தங்கினால் 36,000, வீட்டிலிருந்து போய் வந்தால் 22,000. அவளுக்குத்தான் மனமில்லை. மே 1க்குள் பதில் சொல்ல வேண்டும். எந்தக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம்?"

அன்புள்ள வாசகிக்கு,

கல்லூரி நிதியுதவி அலுவலகத்தில் பல வருஷம் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். எந்தக் கடன் என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இன்று இரவே ஃபாஃப்சா படிவத்தை நிரப்புங்கள்.

"நம்ம சம்பளத்துக்கு ஒன்றும் வராது" என்பது நம் ஆட்கள் நடுவே வீட்டுக்கு வீடு சுற்றும் வாசகம். பாதி உண்மைதான். இந்த வருமானத்துக்குப் பெல் கிரான்ட் போன்ற இலவசப் பணம் பெரும்பாலும் வராது. ஆனால் மாணவர் பெயரில் மத்திய அரசு நேரடியாகத் தரும் கடனில் மானியமில்லாத (படிக்கும்போதே வட்டி ஏறும்) வகைக்கு வருமான வரம்பே கிடையாது. கிரெடிட் ஸ்கோர் பார்ப்பதில்லை, யாரும் கூடக் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவருக்கு முதல் வருஷம் 5,500 டாலர், இரண்டாம் வருஷம் 6,500, மூன்றாம் நான்காம் வருஷங்களில் தலா 7,500 வரை கிடைக்கும். அதைப் பெற ஒரே வழி ஃபாஃப்சா. கிரீன் கார்டு இருப்பதால் உங்கள் மகளுக்குத் தகுதி உண்டு. (பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த வழி இல்லை. அவர்கள் கணக்கே வேறு, அதை இன்னொரு நாள் பார்ப்போம்.)

2025-26இல் இந்தக் கடனின் நிலையான வட்டி 6.39 சதவீதம். மே மாதம் நடக்கும் பத்தாண்டு அரசுப் பத்திர ஏலத்தை வைத்து அடுத்த கல்வியாண்டுக்கான வட்டி முடிவாகும். சுமார் ஒரு சதவீதம் கட்டணமாகப் பிடித்துக்கொள்வார்கள். அப்படியும் நீங்கள் பார்த்த 9 சதவீதத்தோடு ஒப்பிட்டால் இதுவே மலிவு. பிற்காலத்தில் சம்பளம் குறைந்தால் வருமானத்துக்கு ஏற்பத் தவணை கட்டும் திட்டத்துக்கு மாறலாம், கடன் வாங்கியவர் இறந்தால் கடனும் ரத்தாகும். தனியார் கடனில் இதெல்லாம் சட்டப்படி கிடைக்காது, தருபவர் மனசு வைத்தால்தான்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறீர்கள்: கணவரின் வேலை. 2026-27க்கான ஃபாஃப்சா 2024இன் வரிக் கணக்கைத்தான் எடுத்துக்கொள்ளும். அது வேலை போவதற்கு முந்தைய, நல்ல வருஷக் கணக்கு. இப்போதைய நிலைமை அந்தப் படிவத்தில் தெரியாது. அதனால் படிவத்தை அனுப்பிய கையோடு, இரண்டு கல்லூரிகளின் நிதியுதவி அலுவலகத்துக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதி, சூழ்நிலை மாறியதைக் கணக்கில் எடுக்கும்படி கேளுங்கள். வேலை போன கடிதம், வேலையில்லாக் கால உதவித்தொகை பெற்ற தாள்கள், புதிய சம்பளச் சீட்டு ஆகியவற்றை இணையுங்கள். எண்களை மாற்றிக் கணக்கிட அந்த அலுவலருக்குச் சட்டமே அதிகாரம் கொடுக்கிறது. எல்லாருக்கும் பலன் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்காத குடும்பத்துக்கு நாங்களாக எதையும் கூட்டிக் கொடுத்ததில்லை. கூச்சப்பட்டு, அழுகையும் மன்னிப்புமாக இரண்டு பக்கம் எழுதுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது வேண்டாம். முன்பு இவ்வளவு வந்தது, இப்போது இவ்வளவு வருகிறது, தாள்கள் இணைத்திருக்கிறேன்: இவ்வளவு போதும்.

சரி, 5,500 வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மீதி 16,500. நீங்கள் எனக்கு எழுதியது ஒரு வருஷக் கணக்கு. மகள் படிக்கப்போவது நான்கு வருஷம். பின்னால் அரசுக் கடனின் வரம்பு கொஞ்சம் கூடும், கட்டணமும் கூடவே ஏறும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்று எடுத்துக்கொண்டால் தனியார் கடன் 66,000 டாலர். வட்டி 9 சதவீதம். படிக்கும்போதும், முடித்தபின் கிடைக்கும் ஆறு மாத அவகாசத்திலும் ஒன்றும் கட்டாமல் விட்டால், முதல் தவணை வரும்போது கடன் கிட்டத்தட்ட 84,000 ஆகியிருக்கும். அதைப் பத்து வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 1,060 டாலர். மொத்தம் கட்டுவது 1,27,000க்கு மேல். அரசுக் கடனின் தவணை இதில் சேரவில்லை.

இதில் மருத்துவப் படிப்பை நுழைத்துப் பாருங்கள். இளநிலை முடித்ததும் மகள் வேலைக்குப் போகப்போவதில்லை. மருத்துவக் கல்லூரியில் இருக்கும்போது தவணையைத் தள்ளிவைக்கப் பல கடன் நிறுவனங்கள் அனுமதிக்கும், வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த 84,000 இன்னொரு நான்கு வருஷத்தில் 1,14,000ஐ எட்டும். இதோடு இன்னொன்றும் நடந்திருக்கிறது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் மேற்படிப்புக்குப் புதிதாக கிராட் பிளஸ் என்ற அரசுக் கடன் கிடையாது. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புக்கு அரசுக் கடன் வருஷத்துக்கு 50,000, மொத்தம் 2,00,000 என்று வரம்பு வைத்துவிட்டார்கள். பல மருத்துவக் கல்லூரிகளின் செலவு இதைத் தாண்டும். அப்படியென்றால் அங்கேயும் தனியார் கடனின் வாசலில் நிற்க வேண்டிவரும். அந்த நாளில் மகளின் பெயரிலும் உங்கள் பெயரிலும் ஏற்கனவே ஒரு லட்சம் இருக்கலாமா என்பதுதான் உண்மையான கேள்வி.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: மருத்துவம்தான் குறி என்றால் சொந்த மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போகச் சொல்வேன். மருத்துவக் கல்லூரிகள் முதலில் பார்ப்பது மதிப்பெண்ணையும் எம்கேட் தேர்வையும். வீட்டிலிருந்து போய் வந்தால் 22,000. உங்கள் 20,000 போக மீதி 2,000, அதை மகளின் அரசுக் கடனே பார்த்துக்கொள்ளும். விடுதிதான் வேண்டும் என்று அடம் பிடித்தாலும், அரசுக் கடனும் போகத் துண்டு விழுவது 10,500தான், 16,500 இல்லை. பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் வீட்டிலிருந்தே போய் வா என்று சொல்வது லேசான காரியம் இல்லை என்று தெரியும். முதல் வருஷம் விடுதி, அப்புறம் வீடு என்று நடுவழி ஒன்று பேசிப் பாருங்கள். கணக்கை அவளிடம் மறைக்காதீர்கள். கடன்காரி அவள்தான், தாளில் முதல் பெயர் அவளுடையது.

எப்படியும் வெளி மாநிலம்தான் என்று முடிவானால், கையெழுத்துக்கு முன் அந்த 10,000 உதவித்தொகை நான்கு வருஷமும் வருமா, எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நிற்கும் என்று கல்லூரியிடம் எழுத்தில் வாங்குங்கள். உயிரியல் மாணவர்களுக்கு முதல் வருஷ வேதியியல் எப்படி அடிக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்போது கொழுந்தனார் விஷயம். நம் ஊரில் ஜாமீன் கையெழுத்து என்றால் முதலில் கடன்காரரைக் கேட்பார்கள், அவர் கைவிரித்தால்தான் ஜாமீன்காரரைத் தேடி வருவார்கள் என்று ஒரு நினைப்பு உண்டு. அமெரிக்காவில் கோ-சைனர் என்பவர் முதல் நாளிலிருந்தே கடன்காரர். 66,000 கடனும் அவருடைய கிரெடிட் அறிக்கையில் அவர் கடனாகவே நிற்கும். நாளைக்கு அவர் வீடு வாங்கக் கடன் கேட்டால் அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார்கள். மகள் ஒரு தவணையைத் தவறவிட்டால் அவர் ஸ்கோரும் விழும். திவால் நோட்டீஸ் கொடுத்தும் தப்ப முடியாது. 2005இல் திருத்திய திவால் சட்டப்படி, தனியார் மாணவர் கடனை, தாங்க முடியாத கஷ்டம் என்று நீதிமன்றத்தில் தனியாக நிரூபித்தால்தான் கழிக்க முடியும்.

"கொஞ்ச நாள் கட்டினால் கோ-சைனரை விடுவித்துவிடுவோம்" என்று விளம்பரத்தில் இருக்கும். தொடர்ந்து 12 மாதத் தவணை, சிலரிடம் 36 அல்லது 48 என்று நிபந்தனை; அதற்கு மேல் மாணவரின் வருமானமும் ஸ்கோரும் தனியாகத் தேற வேண்டும். 2015இல் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு ஆராய்ந்தபோது, விடுவிக்கச் சொல்லி விண்ணப்பித்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு மறுப்புதான் கிடைத்திருந்தது. அதனால் கடைசித் தவணை வரை விடுதலை இல்லை என்று நினைத்துக்கொண்டே கையெழுத்துப் போட வேண்டும். 2018இல் வந்த சட்டம் சில கொடுமைகளைக் குறைத்தது: அதற்குப் பிறகு வாங்கிய கடன்களில் மாணவர் இறந்தால் கோ-சைனரை விடுவித்தே ஆக வேண்டும், கோ-சைனர் இறந்தாலோ திவாலானாலோ அதைக் காட்டி முழுக் கடனையும் உடனே கட்டு என்று கேட்கக் கூடாது. மாணவருக்கு நிரந்தர ஊனம் ஏற்பட்டால் என்ன என்பதை இந்தச் சட்டம் சொல்லவில்லை, ஒப்பந்தத்தில்தான் தேட வேண்டும்.

தனியார் கடனுக்கு ஒவ்வொரு வருஷமும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் கிரெடிட் பார்ப்பார்கள். என்னிடம் வந்த ஒரு மாணவிக்கு முதல் இரண்டு வருஷம் சித்தப்பா கையெழுத்துப் போட்டிருந்தார். மூன்றாவது வருஷம் அவர் வீடு வாங்கும் முயற்சியில் இருந்தார், முடியாது என்று சொல்லிவிட்டார். பெற்றோரின் விண்ணப்பமும் தேறவில்லை. இரண்டு வருஷக் கடனோடு, பட்டம் இல்லாமல் அந்தப் பெண் வீடு திரும்பியது. சித்தப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவரிடம் யாரும் நான்கு வருஷம் என்று சொல்லியே இருக்கவில்லை. எனவே கொழுந்தனாரிடம் கேட்பதானால், நான்கு கையெழுத்து, 66,000 டாலர், பத்து வருஷம் என்று முழுசாகச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அவர் மனைவியும் உடனிருக்கட்டும். என்னைக் கேட்டால் கையெழுத்து உங்களில் ஒருவருடையதாக இருப்பதே நல்லது.

உங்கள் பெயரிலேயே வாங்குவதென்றால் பேரன்ட் பிளஸ் என்ற அரசுக் கடனையும் ஒப்பிடுங்கள். 2025-26இல் அதன் வட்டி 8.94 சதவீதம், கட்டணம் நாலு சதவீதத்துக்குச் சற்று மேல். 2026 ஜூலை முதல் ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 20,000, மொத்தம் 65,000 என்று வரம்பு வந்திருக்கிறது. புதிதாக வாங்குபவர்களுக்கு வருமானத்துக்கு ஏற்ற தவணையும் இனி இல்லை. எனவே நல்ல ஸ்கோர் இருப்பவர்களுக்கும் இதுவே சிறந்தது என்று முன்பு போல் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். ஆனால் கடன் வாங்கிய பெற்றோரோ பிள்ளையோ இறந்தால் கடன் ரத்தாகும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: பிளஸ் கடனுக்கு விண்ணப்பித்து, கிரெடிட் வரலாறு காரணமாக மறுக்கப்பட்டால், மாணவர் பெயரில் முதல் இரண்டு வருஷம் கூடுதலாகத் தலா 4,000 வரை அரசுக் கடன் கிடைக்கும். நியூ ஜெர்சிக்காரர்களுக்கு மாநில அரசின் என்ஜேகிளாஸ் கடனும் உண்டு, வெளி மாநிலத்தில் படிப்பவர்களுக்கும் தருகிறார்கள். அதன் வட்டியையும் விதிகளையும் மற்றவற்றோடு ஒரே வரிசையில் வைத்துப் பாருங்கள். மாநில அரசு தருவதால் மத்திய அரசுக் கடனின் சலுகைகள் இதிலும் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம்.

6 சதவீதமா, 9 சதவீதமா? அந்த 6ஐ முதலில் நம்பாதீர்கள். விளம்பரத்தில் வரும் எண், மிக உயர்ந்த ஸ்கோர், குறுகிய காலம், வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிப்பதற்கான தள்ளுபடி எல்லாம் சேர்ந்த ஒருவருக்கானது. மாறும் வட்டி பெரும்பாலும் சோஃபர் என்ற சந்தை விகிதத்தோடு கட்டப்பட்டது. 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த மத்திய வங்கியின் வட்டி 2023 ஜூலையில் 5.25-5.50 ஆனது, சோஃபரும் கூடவே ஏறியது. 2021இல் 3 சதவீதத்துக்கு மாறும் வட்டிக் கடன் வாங்கியவர் இரண்டே வருஷத்தில் 8ஐப் பார்த்தார். இரண்டு மூன்று வருஷத்தில் அடைத்துவிட முடிகிறவர் மாறும் வட்டி எடுக்கலாம். முதல் தவணையே நாலரை வருஷம் கழித்து வரப்போகிற உங்களுக்கு நிலையான வட்டிதான் சரி.

எந்த நிறுவனம் என்று பெயர் சொல்ல மாட்டேன், ஒருவருக்குக் குறைவாகக் கொடுக்கும் இடம் இன்னொருவருக்குக் கூட்டிச் சொல்கிறது. கிடைக்கக்கூடிய வட்டியை முன்கூட்டியே காட்டும், ஸ்கோரைப் பாதிக்காத முன்கணிப்பு வசதியில் மூன்று நான்கு இடங்களில் பாருங்கள், உங்களுக்குக் கணக்கு இருக்கும் கிரெடிட் யூனியனையும் (கூட்டுறவு வங்கி) சேர்த்து. ஒரே கால அளவு, ஒரே தவணை முறையில் வைத்து, கட்டணமும் சேர்ந்த வருஷ வட்டியான ஏபிஆரை மட்டும் ஒப்பிடுங்கள். பிறகு முழு விண்ணப்பங்களை இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். மாணவர் கடனுக்கான கிரெடிட் விசாரணைகள் அடுத்தடுத்து வந்தால், ஸ்கோரைக் கணக்கிடும் ஃபைகோ அவற்றை ஒன்றாகத்தான் எண்ணும். சோஷியல் செக்யூரிட்டி எண், சம்பளச் சீட்டு, டபிள்யூ-2 (வருஷச் சம்பள, வரி விவரத் தாள்) ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மொத்தச் செலவு, மற்ற உதவி, மீதித் தேவை ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திடும் படிவம் ஒன்றும் கேட்பார்கள். ஒப்புதல் வந்தபின் யோசிக்கச் சட்டப்படி 30 நாள் உண்டு, அதற்குள் நிபந்தனைகளை அவர்கள் மாற்ற முடியாது. இறுதித் தாள் வந்தபிறகும் மூன்று வேலை நாளுக்குள் ரத்து செய்யலாம். "இன்றைக்கே முடிவு சொல்லுங்கள்" என்று யாராவது போனில் அவசரப்படுத்தினால் வைத்துவிடுங்கள்.

பணம் உங்கள் கைக்கு வராது, கல்லூரிக்கு இரண்டு செமஸ்டராகப் பிரித்துப் போகும். கல்லூரி தொகையை உறுதிசெய்ய இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். ஆகஸ்டில் கட்டணம் கட்ட வேண்டுமென்றால் ஜூன் கடைசியில் விண்ணப்பித்தால் போதும், ஏப்ரலில் ஓட வேண்டாம். தேவைக்கு மேலேயும் கொடுக்க முன்வருவார்கள், விடுதிக்குப் புது டிவி வாங்க அதை எடுக்காதீர்கள்.

முதல் மாதத்திலிருந்து வட்டியை மட்டுமாவது கட்டுங்கள். 16,500க்கு 9 சதவீதம் என்றால் முதல் வருஷம் மாதம் 124 டாலர், நான்காம் வருஷம் 495. அப்படிக் கட்டினால் பிறகு வரும் தவணை 1,060க்குப் பதில் 836 ஆகும், மொத்தத்தில் சுமார் 9,000 மிச்சம். அந்தப் பணத்துக்கு எங்கே போவது என்றால், உங்கள் வருமானத்தில் அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி வரிச் சலுகை வருஷத்துக்கு 2,500 டாலர் வரை கிடைக்க வாய்ப்பு உண்டு, நான்கு வருஷத்துக்கு. அதைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். உங்கள் 20,000ஐ மொத்தமாகக் கட்டாமல், கல்லூரியின் மாதத் தவணைத் திட்டத்தில் பிரித்தும் கட்டலாம். அதற்குச் சிறு கட்டணம் இருக்கும், வட்டி இருக்காது.

இரண்டு கல்லூரிகளுக்கும் கடிதம் அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை மே 1 கெடுவைக் கொஞ்சம் நீட்டித் தருவார்களா என்று வெளி மாநிலக் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தில் கேளுங்கள். நிதியுதவி மனு நிலுவையில் இருக்கிறது என்று சொன்னால் ஒரு வாரம் பத்து நாள் தருபவர்கள் உண்டு.